விரைவு வேறு, பதற்றம் வேறு

நுழையும்முன்

வேகம் வேண்டாம் என்று சொல்லும் விளையாட்டு வீரர் எவரும் இல்லை. ஆயினும், வேகத்தைத் தேடிச் செல்லும் வழியிலேயே தோளையும் கையையும் கெடுத்துக்கொள்பவர் பலர். குத்துச்சண்டையில் கையின் வேகத்தை ஊறுபடாமல் வளர்ப்பது எவ்வாறு என்பதை, நெருப்போடு நாளும் பழகும் சிவகாசி வட்டாரத்தின் பட்டறிவோடு இணைத்துப் பேசுகிறது இக்கட்டுரை.

வெயிலுக்கு முந்தும் வேலை

சாத்தூர், வெம்பக்கோட்டை, சிவகாசி ஆகிய ஊர்களை இணைக்கும் சாலைகளில் பொழுது புலர்வதற்கு முன்பே வேன்கள் ஓடத் தொடங்கிவிடும். தூக்குச்சட்டியும் தண்ணீர்ப் புட்டியுமாக ஊர் ஊராக ஏறும் தொழிலாளர்களில் பெண்களே மிகுதி. கரிசல் காட்டின் நடுவே, ஒன்றையொன்று நெருங்காமல் விலகி நிற்கும் சிறு சிறு அறைகள் அவர்களுக்காகக் காத்திருக்கின்றன. தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு அவை ஆளில்லாத காவல் குடில்கள் போலத் தோன்றும். அவைதாம் பட்டாசு ஆலைகள்.

மழை குறைந்த இந்நிலத்தில் உழவை மட்டும் நம்பி வாழ்வது எளிதாக இருக்கவில்லை. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று, தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுத் திரும்பினர். அதன்பின் தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என்னும் மூன்று தொழில்களும் சிவகாசியை வளர்த்தன. மழையை மறுத்த வானமே, காய வைக்கும் தொழில்களுக்குத் துணையாயிற்று. இந்தியாவில் வெடிக்கப்படும் பட்டாசின் பெரும்பகுதி இன்றும் இவ்வட்டாரத்திலிருந்தே செல்கிறது.

வெடிமருந்துக் கலவையை இங்குள்ளவர்கள் 'மருந்து' என்றே குறிப்பிடுகின்றனர். மருந்து கலக்கும் அறைக்கெனத் தனி ஒழுக்கம் உண்டு. வெயில் ஏறுவதற்கு முன் கலவை வேலையை முடித்துவிட வேண்டும். இரும்புக் கருவி ஆகாது. செருப்பை வெளியே கழற்றிவிட வேண்டும். தரையில் ரப்பர் விரிப்பு இருக்க வேண்டும். பருத்தி ஆடையே உடுத்த வேண்டும். உள்ளே நுழையுமுன் வாயிலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டு, உடலில் தேங்கிய மின்னூட்டத்தை மண்ணுக்குள் இறக்கிவிட வேண்டும். ஓர் அறையில் இருக்கத்தக்க ஆட்களுக்கும் மருந்துக்கும் அளவு உண்டு. ஆபத்து வந்தால் தள்ளிக்கொண்டு ஓடுவதற்கு வசதியாகக் கதவுகள் வெளிப்புறமாகத் திறக்க வேண்டும்.

இவ்விதிகள் அனைத்தும் சொல்வது ஒன்றுதான். ஓர் உராய்வு, ஒரு பொறி, ஒரு பதற்றம் போதும். கைவேகம் மிக்க தொழிலாளிக்கு அங்கே மதிப்பு உண்டு. ஆனால், பதறும் கையோடு ஒரே அறையில் அமர யாரும் விரும்புவதில்லை.

ஒரு மாணவியின் அவசரம்

அத்தகைய ஆலையொன்றில் நெடுங்காலம் வேலை பார்த்துவரும் தாய் ஒருவரின் மகள், பதினோராம் வகுப்பு மாணவி, குத்துச்சண்டைப் பயிற்சிக்கு வருகிறாள் எனக் கொள்ளலாம். அவளுக்குக் கால் உறுதி. நெஞ்சில் அச்சம் குறைவு. எதிரே நிற்பவரின் கண்ணைப் பார்த்து நிற்கும் துணிவும் உண்டு. இருந்தும் அவளுடைய குத்து சென்று சேர்வதற்குள் எதிராளி விலகிவிடுகிறாள். மாவட்டப் போட்டிக்கு இரண்டு திங்களே இருக்கின்றன. விளையாட்டில் பெறும் சான்றிதழ் கல்லூரி வாயிலைத் திறக்கும் என்று அவள் கேள்விப்பட்டிருக்கிறாள். அம்மா ஏறும் வேனில் தானும் ஏறாமல் இருப்பதற்கு அவளுக்குத் தெரிந்த வழி அது ஒன்றே.

ஆகவே, யாரிடமும் கேளாமல் அவள் தானே ஒரு பயிற்சியை வகுத்துக்கொள்கிறாள். ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டிகளை இரு கைகளிலும் பிடித்துக்கொண்டு காற்றில் இருநூறு முறை குத்துகிறாள். கனத்தோடு பழகிய கை, கனம் இல்லாதபோது பறக்கும் என்பது அவள் கணக்கு. மாலைப் பயிற்சி முடிந்து மற்றவர்கள் சென்ற பிறகு, கைக்கட்டுத் துணி சுற்றாமலேயே குத்துப்பையை அடிக்கிறாள். துணி சுற்றும் நேரம்கூட அவளுக்கு வீணாகத் தோன்றுகிறது.

இரண்டாம் வாரத்தில் தோளின் முன்புறம் வலிக்கத் தொடங்குகிறது. சுண்டுவிரல் கணு வீங்குகிறது. சொன்னால் போட்டியிலிருந்து விலக்கிவிடுவார்களோ என்று அஞ்சி, அவள் அதை மறைக்கிறாள். ஆனால், வீட்டில் மறைக்க முடியவில்லை. தெருக் குழாயடியில் நிறைந்த குடத்தை இடுப்பில் ஏற்ற அவளால் இயலவில்லை.

"ஏம்மா, கையத் தூக்க மாட்டேங்குற?"

"ஒண்ணுமில்லம்மா. லேசா வலிக்குது."

தாய் அவளுடைய விரல்களைப் பிரித்துப் பார்க்கிறார். திட்டவில்லை. "நாளைக்குக் காலையில நானும் உங்க சாரைப் பாக்க வாரேன்" என்று மட்டும் சொல்கிறார். அன்றைய கூலி போனால் போகட்டும் என்று முடிவு செய்வது அந்த வீட்டில் எளிதன்று.

இறுகிய கை ஏன் தாமதிக்கிறது?

பயிற்சியாளர் முதலில் அவளை மருத்துவரிடம் அனுப்புகிறார். எலும்பு முறியவில்லை, ஆனால் தோளுக்கும் கணுவுக்கும் மூன்று வாரம் ஓய்வு வேண்டும் என்கிறார் மருத்துவர். "முதல் நாள் வலிச்சப்பவே சொல்லியிருந்தா, சில நாள் ஓய்வோட முடிஞ்சிருக்கும்மா" என்கிறார் பயிற்சியாளர். பிறகு அவள் எதிர்பாராத ஒன்றைச் சொல்கிறார்: "உன் கை மெதுவா இல்ல. இறுக்கமா இருக்கு."

குத்துச்சண்டையில் வேகம் பற்றிய அடிப்படை உண்மை அதுவே. மேற்கையின் பின்புறத் தசை முழங்கையை நீட்டுகிறது. முன்புறத் தசை அதை மடக்குகிறது. குத்தும்போது நீட்டும் தசை சுருங்க, மடக்கும் தசை தளர்ந்து வழிவிட வேண்டும். அச்சத்தாலோ ஆவேசத்தாலோ கை முழுவதும் இறுகியிருந்தால் இரண்டு தசைகளும் ஒரே நேரத்தில் இழுக்கும். மாட்டுவண்டியில் பூட்டிய இரு காளைகளில் ஒன்று முன்னேயும் மற்றொன்று பின்னேயும் இழுப்பது போன்றது அது. வண்டிக்காரர் எவ்வளவு அதட்டினாலும் வண்டி விரைவதில்லை; நுகத்தடிதான் நோகும்.

எனவே, கை புறப்படும்போது தோள் தளர்ந்திருக்க வேண்டும். முட்டி முழுமையாக இறுகுவது இலக்கைத் தொடும் நேரத்தில் மட்டுமே. தொட்ட உடனே மீண்டும் தளர்ந்து, சென்ற வழியிலேயே கன்னத்தருகே திரும்ப வேண்டும். ஈரத் துண்டை உதறுபவர் கையைப் பார்த்தால் இது விளங்கும். துண்டு முழுவதும் நெகிழ்ந்திருக்கிறது. நுனியில் மட்டும் 'சட்'டென ஓசை பிறக்கிறது. குத்தும் கணத்தில் மூச்சைச் சிறிதாக வெளிவிடுவதும் இத்தளர்ச்சிக்கு உதவும். மூச்சை அடக்கிக்கொண்டு குத்துபவரின் கழுத்தும் தோளும் தாமே இறுகிவிடும். மூன்று நிமிடச் சுற்று முடியுமுன்னரே அவர் களைத்துவிடுவார்.

தண்ணீர்ப் புட்டிக் கணக்கு பிழையானது ஏன் என்பதும் இங்கே தெளிவாகிறது. கையில் பிடித்த கனம் கீழ்நோக்கி இழுக்கிறது. குத்தோ முன்நோக்கிச் செல்கிறது. ஆகவே, அக்கனத்தால் உழைப்பது கையைக் கீழே விழாமல் தாங்கும் தோள்தசைதானே தவிர, குத்தை முன்செலுத்தும் தசைகள் அல்ல. களைத்த கை தன் பாதையை மாற்றிக்கொள்கிறது. அந்தத் தவறான பாதையே பழக்கமாகிவிடுகிறது. மேலும், கனத்தோடு வீசிய கை நீளும் எல்லையில் திடீரென நிற்கும்போது, முழங்கை மூட்டு அதிர்ச்சியைத் தாங்க வேண்டியிருக்கிறது. வெறுங்கையோடு காற்றில் குத்தும்போதும் முழங்கையை முற்றிலும் நிமிர்த்திப் பூட்டாமல், சிறிது மடங்கிய நிலையிலேயே நிறுத்த வேண்டும் என்று பயிற்சியாளர்கள் சொல்வது அதனால்தான்.

பாதத்தில் பிறக்கும் குத்து

மூன்று வாரம் கையை ஓய்வாக வைத்திருக்க வேண்டும் என்றதும் மாணவி அழுதுவிடுகிறாள். போட்டிக்கு உரிய நாளில் மூன்றில் ஒரு பங்கு வீணாகிவிட்டது என்று எண்ணுகிறாள். அது வீணாகவில்லை என்பதை அவள் மெல்ல மெல்லத்தான் அறிகிறாள்.

குத்து முட்டியில் பிறப்பதில்லை, பாதத்தில் பிறக்கிறது. வலக்கை நேர்க்குத்தை எடுத்துக்கொண்டால், பின்னே ஊன்றிய வலப்பாதம் தரையை உந்துகிறது. குதிகால் வெளிப்புறம் திரும்புகிறது. அத்திருப்பம் இடுப்புக்கும், இடுப்பிலிருந்து முதுகுத் தசைகளுக்கும், அங்கிருந்து தோளுக்கும் ஏறுகிறது. இறுதியாகவே கை புறப்படுகிறது. ஒவ்வொரு கண்ணியும் முந்தைய கண்ணியின் வேகத்தைப் பெற்று, தன் வேகத்தைச் சேர்த்து அடுத்ததற்குத் தருகிறது. சரவெடியில் ஒரு வெடியிலிருந்து மற்றொன்றுக்கு நெருப்பு தாவுவது போன்ற ஒழுங்கு இதில் உண்டு. இடையில் ஒரு கண்ணி தவறினாலும் மிஞ்சுவது கை மட்டுமே. உடலின் வேலையைத் தனியாகச் செய்ய முயலும் கைதான் தோள் மூட்டை இழக்கிறது.

அம்மூன்று வாரமும் அவள் கைகளைக் கன்னத்தருகே வைத்துக்கொண்டு, பாதத்தையும் இடுப்பையும் மட்டும் திருப்பிப் பழகுகிறாள். கயிறு தாண்டுகிறாள். முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகர்கிறாள். பார்ப்பவர்க்கு அது ஆடத் தெரியாதவர் ஆடுவது போல இருக்கிறது. தோழியர் சிரிக்கின்றனர், சில நாளில் அவளும் சேர்ந்து சிரிக்கிறாள். ஓய்வு முடிந்து முதன்முதலில் கையை நீட்டும்போது, தான் தள்ளாமலேயே அது செல்வதை அவள் உணர்கிறாள்.

அளவும் வரிசையும்

கைவேகப் பயிற்சிக்கென ஒரு வரிசை உண்டு. முதலில் பத்து, பதினைந்து நிமிடம் உடலைச் சூடேற்ற வேண்டும். மெல்லோட்டம், கயிறு தாண்டல், தோளையும் மணிக்கட்டையும் மெதுவாகச் சுழற்றுதல் ஆகியவை இதில் அடங்கும். குளிர்ந்த தசையை விசையோடு இழுத்தால் அது நைந்துபோகும்.

அடுத்து, நிழற்சண்டை. எதிரே ஆள் இருப்பதாக எண்ணிக்கொண்டு காற்றில் குத்தும் பயிற்சிக்கு அப்பெயர். இதை முதலில் மிக மெதுவாகச் செய்ய வேண்டும். மெதுவாகச் செய்யும்போதே பாதை பிசகுவதும் தோள் உயர்வதும் மற்றக் கை கன்னத்தை விட்டு இறங்குவதும் கண்ணுக்குத் தெரியும். நரம்புகள் பழகிய பாதையிலேயே ஓடும் இயல்புடையவை. பிழையான பாதையில் விரைந்து பழகியவர், பிழையையே விரைவாகச் செய்யக் கற்றுக்கொள்கிறார்.

வேகத்தைக் கூட்டும் பயிற்சியை, உடல் களைப்படைவதற்கு முன்பே செய்ய வேண்டும். முழு வேகத்தில் தொடர்ந்து குத்தும் நேரம் பத்து நொடிக்குள் அடங்கட்டும். பிறகு மூச்சு சீராகும்வரை ஓய்வு வேண்டும். அந்த ஓய்வைச் சோம்பல் என்று எண்ணலாகாது. களைத்த நரம்பும் தசையும் வேகத்தைக் கற்பதில்லை. களைப்பைத் தாங்கத்தான் கற்கின்றன. அதுவும் தேவையான பயிற்சிதான் என்றாலும், அது வேறு நேரத்துக்கு உரியது. கை மந்தமாவது தெரிந்தவுடன் அன்றைய வேகப் பயிற்சியை முடித்துக்கொள்ள வேண்டும். இப்பயிற்சி வாரத்தில் இரண்டு, மூன்று நாள் போதும். இடைப்பட்ட நாளில்தான் தசை தன்னைச் செப்பனிட்டுக்கொள்கிறது. உறக்கமும் உணவும் அப்போது பயிற்சியின் பகுதிகளே ஆகின்றன.

கைக்கட்டுத் துணியைத் தவிர்த்தது ஏன் பெரும்பிழை என்பதை இயற்பியல் பாடமே விளக்கும். இயங்கும் பொருளின் ஆற்றல், அதன் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. கையின் வேகம் இருமடங்கானால் அதன் ஆற்றல் நான்கு மடங்காகும். இலக்கைத் தாக்கும் விசை, எதிர்விசையாகக் கைக்கும் திரும்புகிறது. வேகம் வளர வளர, அதைத் தாங்கும் எலும்பும் மணிக்கட்டும் காப்பும் உடன் வளர வேண்டும். ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவற்றின் கணுக்களே இலக்கைத் தொட வேண்டும். மோதிர விரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் பக்கம் விசை இறங்கினால் அங்குள்ள மெல்லிய எலும்பு முறியக்கூடும். அம்முறிவு மருத்துவ நூல்களில் குத்துச்சண்டையின் பெயராலேயே குறிக்கப்படுகிறது.

தெரிந்து தெளிவோம்

இன்றைய குத்துச்சண்டை முறைக்கு அடித்தளமான குயின்ஸ்பெரி விதிகள் 1867ஆம் ஆண்டு வெளியிடப்பட்டன. கையுறை அணிதல், மூன்று நிமிடச் சுற்று, சுற்றுகளுக்கிடையே ஒரு நிமிட ஓய்வு ஆகியவை அவற்றால் நிலைபெற்றன. 1904ஆம் ஆண்டு செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த ஒலிம்பிக்கில் குத்துச்சண்டை முதன்முதலாக இடம்பெற்றது. பெண்களுக்கான குத்துச்சண்டை 2012ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது.

திரியைக் காட்டும் குத்து

விரைவு என்பது கையோடு முடிவதன்று. 1969ஆம் ஆண்டு அமெரிக்க விளையாட்டு இதழொன்று, முகம்மது அலியின் இடக்கைக் குத்தைக் கருவி கொண்டு அளந்தது. பதினாறரை அங்குலத் தொலைவிலிருந்த பலகையை அவர் கை அடைந்து உடைக்க, நொடியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரமே ஆயிற்று. குறிப்பைக் கண்டு அவர் மனம் வினையாற்றிய நேரமும் அதில் அடக்கம். கை நகர்ந்த நேரம் மட்டும் கண்ணிமைக்கும் பொழுதே. மனிதக் கண் ஒன்றைக் கண்டு, உடல் அதற்கு எதிர்வினை புரியவே ஏறத்தாழ அந்த ஐந்தில் ஒரு பங்கு நொடி ஆகிவிடும். அலியின் குத்தைக் கண்டபின் விலக நினைத்தவர்க்கு நேரம் இருந்ததில்லை.

அவ்வாறாயின் குத்துகளை வீரர்கள் எவ்வாறு தவிர்க்கின்றனர்? குத்தை அவர்கள் பார்ப்பதில்லை. அதற்கு முன் நிகழும் அறிகுறியைப் பார்க்கின்றனர். குத்துவதற்கு முன் தோளை உயர்த்துபவரும், கையைச் சற்றுப் பின்னிழுப்பவரும், பல்லைக் கடிப்பவரும் தங்கள் எண்ணத்தை முன்கூட்டியே அறிவித்துவிடுகின்றனர். பட்டாசு வட்டாரத்துப் பிள்ளைக்கு இதை விளக்குவது எளிது. திரி எரிவது தெரிந்தால் விலகி நிற்க நேரம் கிடைக்கும். அம்மாணவியின் குத்து தாமதமானதற்கு இதுவும் ஒரு காரணம். அவள் ஒவ்வொரு முறையும் முழங்கையைப் பின்னிழுத்துத் திரியைக் காட்டினாள். பின்னிழுக்காமல், கை இருந்த இடத்திலிருந்தே புறப்படப் பழகியபோது, தசையின் வலிமை கூடாமலேயே அவளுடைய குத்து விரைவாயிற்று. இதனால் எந்த மூட்டும் நோகவில்லை.

1980ஆம் ஆண்டு முகம்மது அலி சென்னைக்கு வந்து, ஜிம்மி எல்லிசுடன் காட்சிப் போட்டியில் மோதினார். வடசென்னையில் முன்பே வேரூன்றியிருந்த குத்துச்சண்டை ஆர்வலர்களுக்கு அது மறக்கவியலாத நாள். தமிழ்நாட்டைச் சேர்ந்த தேவராஜன் 1992ஆம் ஆண்டு பார்சிலோனா ஒலிம்பிக்கில் பங்கேற்றார். 1994ஆம் ஆண்டு பாங்காக்கில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் வெண்கலம் வென்றார். மணிப்பூரின் மேரி கோம், ஆறு முறை உலக வாகையர் பட்டம் பெற்றவர். நாற்பத்தெட்டு கிலோவும் அதற்குக் குறைவுமான எடைப்பிரிவுகளில் வென்று பழகிய அவர், 2012 ஒலிம்பிக்கில் அப்பிரிவு இல்லாமையால் ஐம்பத்தொரு கிலோ பிரிவில் களம் இறங்கினார். தம்மினும் பெரிய உடலினரை எதிர்கொண்டு வெண்கலம் வென்றார்.

தலைக்கு ஈடில்லை

கையின் ஊறு ஆறும். தலையின் ஊறு அவ்வாறன்று. 1928ஆம் ஆண்டிலேயே ஹாரிசன் மார்ட்லண்ட் என்னும் அமெரிக்க மருத்துவர், தலையில் மீண்டும் மீண்டும் குத்துப்பட்ட வீரர்களிடம் காணப்படும் தள்ளாட்டத்தையும் மனக்குழப்பத்தையும் எழுதிவைத்தார். முகம்மது அலிக்கு 1984ஆம் ஆண்டு நடுக்குவாத நோய் இருப்பது கண்டறியப்பட்டது. குத்துகளே அதற்குக் காரணம் என்று அறுதியிட்டுக் கூற இயலாது. ஆயினும், 1996ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில் நடுங்கும் கையோடு அவர் சுடர் ஏற்றியதைக் கண்ட உலகம் அமைதியாயிற்று.

ஆகவே, பயிற்சிச் சண்டையில் வேகத்தைச் சோதிக்க விரும்புபவர், விசையைக் குறைத்துக்கொண்டே அதைச் செய்ய வேண்டும். தலைக்கவசம் தோல் கிழிவதைத் தடுக்கும். மண்டைக்குள் மூளை அதிர்வதை முற்றிலும் தடுக்காது. தலையில் அடிபட்டபின் தலைவலி, மயக்கம், வாந்தி, மறதி ஆகியவற்றில் எது தோன்றினாலும் அன்றைய பயிற்சி அங்கேயே முடிய வேண்டும். மருத்துவர் இசையும்வரை களம் ஏறலாகாது. எடைப்பிரிவுக்குள் நுழைவதற்காகத் தண்ணீர் குடிக்காமல் உடலை வற்றச் செய்வதும் கேடு. வற்றிய உடலில் கை விரைவதில்லை. அடியைத் தாங்கும் வலுவும் குறைகிறது. வளரும் பருவத்தினருக்கு இவை அறிவுரைகள் அல்ல; கட்டாயங்கள்.

அவசரம் எங்கிருந்து வருகிறது?

ஓய்வு நாளொன்றில் தாயும் மகளும் வாசலில் அமர்ந்திருக்கின்றனர். "சார் சொல்றதெல்லாம் உங்க போர்மேன் சொல்ற மாதிரியே இருக்கும்மா" என்கிறாள் மகள். "மெதுவா, அளவா, வரிசையா."

தாய் உடனே விடை சொல்லவில்லை. பிறகு சொல்கிறார்: "மெதுவாச் செய்யணும்னு எல்லாருக்கும் தெரியும் தாயி. தீபாவளி நெருங்கும்போது, எத்தனை செஞ்சியோ அத்தனைக்குத்தான் கூலின்னா, கை தானா ஓடும்."

அச்சொற்களில் இவ்வட்டாரத்தின் துயர் முழுவதும் அடங்கியிருக்கிறது. 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதற்கு முன்னும் பின்னும் விபத்துகள் நேர்ந்தன. ஒவ்வொன்றுக்குப் பிறகும், அளவுக்கு மீறிய மருந்து, அளவுக்கு மீறிய ஆட்கள், விதிமீறல் என்னும் சொற்கள் செய்திகளில் இடம்பெறுவது வழக்கம். விதிகள் இல்லாமல் இல்லை. 2008ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள் அறையின் அமைப்பு முதல் மருந்தின் அளவு வரை வரையறுத்துள்ளன. ஆனால், நிதானத்துக்கு இடம் தராத ஓரிடத்தில் நிதானத்தை ஒருவரிடம் மட்டும் எதிர்பார்ப்பது நேர்மையாகாது.

குத்துச்சண்டைக் கூடத்துக்கும் இது பொருந்தும். அம்மாணவி துணி சுற்றாமல் பையை அடித்தது அவள் பிழை. ஆனால், வலியைச் சொன்னால் விலக்கப்படுவோம் என்னும் அச்சத்தை அவள் தானாகவே உண்டாக்கிக்கொள்ளவில்லை. வலியைச் சொன்னவரைக் கோழை என்று பேசும் கூடத்தில் எல்லோரும் வலியை மறைப்பர். பதக்கத்தை மட்டும் கேட்கும் பள்ளியில் எல்லோரும் அவசரப்படுவர். பாதுகாப்பான வேகம் மாணவரின் பொறுமையில் பாதி இருக்கிறது. அப்பொறுமைக்கு நேரம் தரும் பெரியவர்களிடம் மறுபாதி இருக்கிறது. 'முதல் நாளே சொல்' என்று கேட்கும் பயிற்சியாளரும், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு உடன் வரும் தாயும் அந்த மறுபாதியைச் சேர்ந்தவர்கள்.

மகள் இதைப் புரிந்துகொண்டாளா என்பதை அவளுடைய செயலே காட்டுகிறது. ஓய்வுக்குப் பிறகு பயிற்சிக்குத் திரும்பிய முதல் வாரத்தில், இளைய மாணவி ஒருத்தி கையைத் தேய்த்துக்கொண்டு ஓரமாக நிற்பதைக் காண்கிறாள். அருகில் சென்று, "வலிக்குதா? வா, சார்ட்ட சொல்லிரலாம்" என்று அழைத்துச் செல்கிறாள்.

போட்டிக்கு இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. தாயின் வேன் சென்ற சற்று நேரத்தில் அவள் சைக்கிளில் கிளம்புகிறாள். கிழக்கு வெளுக்கிறது. கூடத்துக்குள் நுழைந்ததும் திண்ணையில் அமர்ந்து, கைக்கட்டுத் துணியை மணிக்கட்டில் மூன்று சுற்று, உள்ளங்கையைச் சுற்றி, கணுக்களின் மேல், விரல்களின் இடையே, மீண்டும் மணிக்கட்டில் எனச் சுருக்கம் விழாமல் சுற்றுகிறாள். ஒரு கை முடிந்ததும் முட்டியை மூடித் திறந்து பார்க்கிறாள். சற்று இறுகியிருக்கிறது. அவிழ்த்து, முதலிலிருந்து மீண்டும் சுற்றத் தொடங்குகிறாள்.